நாள் முழுக்க ஸ்டூலில் வேலை, மேலே வேலூர் வெயில்: மாதவிடாய்க்கு நாப்கினா, துணியா, கப்பா?

குடியாத்தம்_கலை:

வணக்கம் தோழிகளே. கூச்சப்பட்டுக்கொண்டே இருந்தால் இது தீராது என்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

எனக்கு 38 வயது. வீடு குடியாத்தம், வேலை ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில். முன்பு மிஷினில் தைத்துக்கொண்டிருந்தேன், இப்போது செக்கிங். தைத்து வரும் மேல்தோலில் தையல் விட்டிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது. உட்காரக் கொடுத்திருக்கும் ஸ்டூல் ரெக்ஸின் போட்டது. சித்திரை, வைகாசியில் அதிலிருந்து எழுந்தால் பாவாடை தொடையோடு ஒட்டிக்கொண்டே வரும்.

காலை ஆறரைக்கு வேன் வந்துவிடும். வீடு திரும்ப ஏழாகிவிடும். நடுவில் பாத்ரூம் போக டீ நேரம், சாப்பாட்டு நேரம், மறுபடி டீ நேரம். மற்ற நேரத்தில் போகக்கூடாது என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் எழுந்தால் சூப்பர்வைசர் கண் கடிகாரத்துக்குப் போகும். டீ நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் வருவதால் வரிசை. உள்ளே கூடை கிடையாது, வெளியே கை கழுவும் இடத்தில்தான் இருக்கிறது. பேப்பரில் சுற்றியதைக் கையில் பிடித்துக்கொண்டு அத்தனை பேரையும் தாண்டி வந்து போட வேண்டும். அதனாலேயே பாதிப் பேர் காலையில் வைத்ததைச் சாயந்திரம்தான் மாற்றுகிறோம். நானும் அப்படித்தான். மதியம் ஒருமுறை மாற்றினால் பெரிய விஷயம்.

எனக்கு முதல் இரண்டு நாள் அதிகமாகப் போகும். இரண்டாவது பையன் பிறந்த பிறகு கருத்தடைக்குக் காப்பர் டி போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் இவ்வளவு இல்லை, போன வருடத்திலிருந்துதான் கூடியிருக்கிறது. பயந்துகொண்டு கடையில் இருப்பதிலேயே பெரியதாக வாங்குவேன். விளைவு, தொடை இடுக்கெல்லாம் சிவந்து, உராய்ந்து, நீர்க்கசிவு. இந்த முறை கெங்கையம்மன் சிரசு திருவிழா சமயத்தில் வந்துவிட்டது. வேலைக்கு லீவு என்று சந்தோஷப்பட முடியவில்லை. கூட்டத்தில் நடந்து நடந்து, வீட்டுக்கு வந்தபோது காலைச் சேர்த்து வைக்க முடியாமல் எரிந்தது. பவுடர் போட்டேன், இன்னும் மோசம். தேங்காய் எண்ணெய் கொஞ்சம் பரவாயில்லை. கம்பெனி மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தேன், ஒன்றும் பெரிதாக மாறவில்லை.

என் அம்மாவைக் கேட்டால், “கைலித் துணியைக் கிழிச்சுக் கட்டுனோம், எங்களுக்கு இன்னா நோவு வந்துச்சு?” என்கிறார். அம்மா வீட்டில் தறி இருந்தது, பழைய கைலிக்குப் பஞ்சமில்லை. எட்டாவது படிக்கும் என் மகளோ போனில் எதையோ பார்த்துவிட்டு, “அம்மா, நீ கப் வாங்கு” என்கிறாள். உள்ளே வைத்து, சேரும் ரத்தத்தைக் கொட்டிவிட்டு மறுபடி வைக்கும் சின்னக் கிண்ணமாம். பக்கத்து வீட்டு அக்கா, அது உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், ஆபரேஷன் செய்துதான் எடுக்கணும் என்று கிளப்பிவிட்டார்.

வேலையை விடு, வேறு வேலை பார் என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த வேலையில் இருந்துகொண்டு எனக்கு எது சரிப்படும்? மகளுக்குப் பள்ளியில் நாப்கின் கொடுக்கிறார்கள், அவளுக்கு அதுவே போதுமா?

வேலூர்_நர்சம்மா:

கலை, நன்றாக எழுதியிருக்கிறாய்ம்மா. ஓ.பி.யில் வந்து உட்கார்ந்து இவ்வளவு தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு. நான் ஓய்வு பெற்ற நர்ஸ். ஷூ கம்பெனிப் பெண்கள், பீடி சுற்றும் பெண்கள் என்று நம் மாவட்டத்துப் பெண்களை நிறையப் பார்த்தவள். (மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், எனக்கு இன்னும் எல்லாம் ஒரே மாவட்டம்தான்.)

முதலில் தோல். உன் தோலைக் கெடுத்தது எந்தக் கம்பெனி நாப்கின் என்பதைவிட, அது எவ்வளவு நேரம் ஈரத்தோடு அங்கேயே இருந்தது என்பதுதான் முக்கியம். ஈரம், சூடு, உராய்வு. மூன்றும் சேர்ந்தால் எந்தத் தோலும் கிழியும். டயபரோடு நாள் முழுக்க விட்ட குழந்தைக்கு வருவதும் இதேதான். பெரிய நாப்கின் வாங்கினால் நீ மாற்றுவதைத் தள்ளிப் போடுகிறாய், அவ்வளவுதான் நடக்கிறது. ரத்தம் குறைவாகப் போகும் நாளிலும் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். அதிகம் போகும் நாளில் அதற்கும் முன்னால்.

எரிச்சல் இருக்கும்போது வெறும் தண்ணீரில் கழுவு. டெட்டால் வேண்டாம், வாசனை சோப்பு வேண்டாம், விளம்பரத்தில் வரும் ‘வாஷ்’ எதுவும் வேண்டாம். ஒற்றித் துடைத்துக் காயவிட்டுத்தான் அடுத்ததை வைக்க வேண்டும். பவுடர் வியர்வையோடு சேர்ந்து களிம்பாகி உராயும், அதனால்தான் உனக்கு மோசமானது. தேங்காய் எண்ணெயைத் தொடை இடுக்கில் லேசாகத் தடவலாம், உள்ளே வேண்டாம். வாசனை சேர்த்த நாப்கினைத் தவிர். மேல்பக்கம் வலை வலையாக இருப்பது சிலருக்கு உறுத்தும், பஞ்சுத் துணி மாதிரி இருப்பதை வாங்கிப் பார். உள்ளாடை பருத்தியாக, தொடையில் பதியாத அளவில் இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் ஒரு வாரத்தில் ஆறவில்லை என்றாலோ, அரிப்போடு தயிர்த் திப்பி மாதிரி வெள்ளை படுகிறது என்றாலோ அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு ஆயின்மென்ட் தடவாதே. நம் ஊரில் எல்லாப் படைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவிக்கொண்டு வந்து நிற்பவர்கள் ஏராளம், பூஞ்சை அதில் இன்னும் பரவும். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையும் பார்த்துவிடு.

இரண்டாவது, நீ போகிறபோக்கில் எழுதிய வரி. ‘போன வருடத்திலிருந்து கூடியிருக்கிறது.’ எனக்கு உன் தோலைவிட இதுதான் கவலை. காப்பர் டி போட்டவர்களுக்குப் போக்கு கொஞ்சம் அதிகமாக இருக்கும், உண்மைதான். ஆனால் அது போட்ட முதல் சில மாதங்களில்தான் அதிகம் தெரியும். சில வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது கூடினால் பழியை அதன்மேல் மட்டும் போட முடியாது. கர்ப்பப்பையில் கட்டி, தைராய்டு, அல்லது காப்பர் டி இடம் மாறியிருப்பது என்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன. ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதும் நனைகிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? ராத்திரி எழுந்து மாற்றுகிறாயா? ஏழு நாளைத் தாண்டுகிறதா? இதில் ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால், எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னால் டாக்டரைப் பார். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். நம் பெண்கள் 8, 9ஐ வைத்துக்கொண்டு ‘கொஞ்சம் அசதியா இருக்கு’ என்பார்கள். காப்பர் டிக்கும் ஆயுள் உண்டு. 380ஏ என்றால் 10 வருடம், வேறு சில வகை 5 வருடம்தான். போட்டபோது கொடுத்த அட்டையைத் தேடி எடு.

கப் பற்றி: அது மாட்டிக்கொள்ளாது. யோனிக்கு மேல் முனையில் கர்ப்பப்பை வாய் இருக்கிறது, அதைத் தாண்டிக் கப் எங்கேயும் போக வழியில்லை. 2019ல் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தில் 43 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்து ஒரு கட்டுரை வந்தது. கசிவு நாப்கின் அளவுதான் அல்லது அதைவிடக் குறைவு என்றும், பழகச் சில மாதம் ஆகும் என்றும், பழகியவர்களில் பெரும்பாலோர் அதையே தொடர விரும்பினார்கள் என்றும் அதில் இருந்தது. ஆனால் உனக்குக் காப்பர் டி இருப்பதால் அவசரப்பட்டு வாங்காதே. கப் உள்ளே உறிஞ்சிப் பிடித்துக்கொண்டிருக்கும், அப்படியே இழுத்தால் காப்பர் டி இடம் மாறவோ வெளியே வரவோ வாய்ப்புண்டு. பயன்படுத்தவே கூடாது என்பதில்லை. காப்பர் டியின் நூல் நீளத்தை டாக்டர் பார்த்து, வேண்டுமானால் கத்தரித்துவிட்ட பிறகு, பிடியைத் தளர்த்தி எடுக்கத் தெரிந்துகொண்டு ஆரம்பிக்கலாம்.

சத்துவாச்சாரி_மெடிக்கல்:

நான் ஆண், மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பேசலாமா கூடாதா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நிறையப் பேர் எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்பதை உறிஞ்சும் அளவு என்று நினைத்து வாங்குகிறார்கள். பெரும்பாலும் அது நீளம். ராத்திரி படுக்கும்போது பின்பக்கம் கறை படாமல் இருக்க நீளம் உதவும். பகலில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த நீளத்தால் தொடையில் அதிகம் உராயும், வேறு பலன் கம்மி. பகலுக்கு நடுத்தர அளவு, ராத்திரிக்குப் பெரியது என்று இரண்டாக வாங்குங்கள். செலவும் குறையும்.

விலைக்காகத்தான் மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள் என்றால் மக்கள் மருந்தகத்தில் ‘சுவிதா’ நாப்கின் ஒன்று ஒரு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 2019லிருந்து அந்த விலை. நான் விற்பதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

டாம்பான் (உள்ளே வைக்கும் பஞ்சு உருளை) எங்கள் பக்கத்துக் கடைகளில் அதிகம் வைப்பதில்லை, கேட்பவர்கள் மிகக் குறைவு. கப் கேட்டு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள், பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். கறுப்புக் கவரில் போட்டால் ‘கவர் வேண்டாம் அண்ணா’ என்று கையிலேயே எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

காட்பாடி_சீசன்டிக்கெட்:

கலை அக்கா, நான் காட்பாடியிலிருந்து தினமும் சென்னைக்கு ரயிலில் போய் வருகிறவள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், ரயில் கழிப்பறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கப் சரிப்பட்டதற்கு ஒரே காரணம், காலையில் வீட்டில் வைத்துவிட்டு ஆபீஸில் மதியம் ஒருமுறை கொட்டிக் கழுவினால் போதும் என்பதுதான். போக்கு குறைந்த நாளில் மதியமும் தேவைப்படாது. 12 மணி நேரம் வரை வைக்கலாம் என்று பெட்டியில் போட்டிருக்கும். நான் எட்டு, ஒன்பதைத் தாண்ட விடுவதில்லை.

ஆனால் விளம்பரத்தில் வருவது மாதிரி முதல் நாளே குதித்து ஓட முடியாது. உண்மையைச் சொல்கிறேன். முதல் மாதம் பாத்ரூமில் வியர்த்து விறுவிறுத்து, வேண்டாம் சாமி என்று தூக்கிப் போடத் தோன்றியது. சி மாதிரி மடித்து வைத்தேன், உள்ளே போய் விரியவில்லை, கசிந்தது. அப்புறம் விளிம்பின் ஒரு பக்கத்தை உள்ளே அழுத்தி, முனை கூராக வரும்படி மடிக்கக் கற்றேன். அது எளிது. நம் ஊர்க் குத்துக்கால் கழிப்பறை இதற்கு ரொம்ப வசதி, வெஸ்டர்னைவிட அதில் உட்கார்ந்தால் சுலபமாகக் கைக்கு எட்டும். எடுக்கும்போது காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. கொஞ்சம் முக்கினால் கீழே இறங்கும், அடிப்பாகத்தை இரண்டு விரலால் அழுத்தினால் பிடி விட்டுவிடும், அப்புறம் சாய்த்து எடுக்க வேண்டும். காப்பர் டி இருப்பதால் உங்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். நகம் வெட்டியிருக்க வேண்டும். கையைக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும், எடுத்த பிறகு மட்டும் கழுவினால் போதாது. உங்கள் கம்பெனியில் பசை, சாயம் எல்லாம் கையில் படும் என்றால் அதை ரொம்ப யோசியுங்கள்.

உள்ளே தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்பதும் கேள்வி. கை கழுவும் இடம் வெளியே என்கிறீர்கள். கப்பை எடுத்துக்கொண்டு வெளியே வர முடியாது. நான் சின்ன பாட்டிலில் குடிதண்ணீர் எடுத்துக்கொண்டு போவேன். அதுவும் இல்லாவிட்டால் கொட்டிவிட்டு, சுத்தமான டிஷ்யூவில் துடைத்து மறுபடி வைத்து, வீட்டுக்கு வந்து கழுவலாம்.

மாதம் முடிந்ததும் கொதிக்கும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, துணிப்பையில் வைத்துவிடுவேன். இதற்கென்று ஒரு அலுமினியச் சொம்பு வாங்கினேன். ஒருநாள் மாமியார் அதில் டீ போடப் போய்விட்டார். அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வாலாஜா_தையல்:

நான் வீட்டிலிருந்து துணி நாப்கின் தைத்து விற்கிறேன். அதனால் துணிதான் சிறந்தது என்று சொல்வேன் என எதிர்பார்ப்பீர்கள். கலைக்கு வேலை நேரத்தில் துணி வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காரணம், மாற்றிய ஈரத் துணியைப் பையில் கட்டி, மதியத்திலிருந்து ராத்திரி வரை வேனில், வெயிலில் வைத்திருந்து வீட்டுக்கு வந்து பிரிக்கும்போது வரும் வாடையை நீங்களே நினைத்துப் பாருங்கள். உங்கள் அம்மா காலத்தில் அம்மா தறியில் இருந்து எழுந்து பின்கட்டுக்குப் போனால் கிணறு, சோப்பு, கொடி எல்லாம் அங்கேயே. நினைத்த நேரத்தில் மாற்றினார், அதனால் நோவு வரவில்லை. அதே காலத்தில் நனைந்த துணியைப் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டு, அரைகுறை ஈரத்தோடு மறுபடி கட்டிப் புண் வந்த பெண்களும் இருந்தார்கள். அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி, கடைசி இரண்டு நாள், இதற்கெல்லாம் துணி வையுங்கள். புண்ணான தோலுக்குப் பிளாஸ்டிக்கிலிருந்து விடுதலை கிடைக்கும். நான் தைப்பதில் மேலே பருத்தி ஃபிளானல், நடுவில் பல மடிப்பு, கடைசியில் நீர் புகாத ஒரு மெல்லிய துணி, இறக்கையில் பட்டன். கடையில் ஒன்று 150லிருந்து 300 வரை சொல்கிறார்கள். நன்றாகப் பராமரித்தால் இரண்டு மூன்று வருடம் வரும். அவ்வளவு கொடுக்க வேண்டாம் என்றால் வீட்டில் இருக்கும் பழைய பருத்திக் கைலியை மடித்துத் தைத்தாலும் போதும், உங்களிடம் மிஷின் ஓட்டும் கை இருக்கிறது. நூல் கைலியா என்று மட்டும் பாருங்கள், இப்போது பாதி பாலியஸ்டர் கலந்தது.

துவைப்பதில் ஒன்றுதான் முக்கியம். முதலில் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் ஊற்றினால் கறை பிடித்துக்கொண்டு விடாது. கறை போன பிறகு சோப்புப் போட்டுத் துவைத்து, நேர் வெயிலில் முழுதாகக் காய வேண்டும். மாடியில் எல்லோர் கண்ணிலும் படும் என்றால் மேலே ஒரு மெல்லிய துண்டைப் போடுங்கள், கனமான புடவை வேண்டாம். வாசனைக்கு ஊற்றும் துணி கண்டிஷனர் ஊற்றாதீர்கள், உறிஞ்சாது. நம் ஊர் வெயிலுக்கு மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். சூரியன் நமக்குச் செய்யும் ஒரே நல்ல காரியம் இது என்று நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வதுண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் துணியை நம்பாதீர்கள். கோடையில் குழாய்த் தண்ணீர் நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் வரும் தெரு என்றாலும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்தக் கூடை. பெரிய தொழிற்சாலை என்றால் நல அலுவலர் என்று ஒருவர் இருப்பார். நாலு பேராகச் சேர்ந்து போய், ‘ஒவ்வொரு கழிப்பறைக்குள்ளும் மூடி போட்ட கூடை வேண்டும்’ என்று கேளுங்கள். கூடை என்ன விலை ஆகிவிடும்?

ஆற்காடு_ராணி:

நாப்கினில் இருக்கும் கெமிக்கலால்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருகிறது என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அதற்காகவே எல்லோரும் துணிக்கு மாறுங்கள்.

வேலூர்_நர்சம்மா:

ராணி, அது தவறான செய்திம்மா. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்.பி.வி என்ற வைரஸால் வருவது. அது உடலுறவு வழியாகப் பரவும். நாப்கினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை நம்பிக்கொண்டு துணிக்கு மாறி, ‘இனி நமக்கு வராது’ என்று பரிசோதனைக்கே போகாமல் விட்டால்தான் ஆபத்து. 30 வயதுக்கு மேல் எல்லோரும் அந்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையிலேயே செய்கிறார்கள், சில நிமிட வேலை.

இதைப் பேசியதால் கலை மகளின் விஷயத்துக்கு வருகிறேன். எச்.பி.விக்குத் தடுப்பூசி இருக்கிறது. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் பலன் அதிகம். எட்டாவது படிக்கிறாள் என்றால் சரியான வயது. உன் டாக்டரிடம் போகும்போது அதையும் கேள்.

அவளுக்கு நாப்கினே போதும். அரசின் புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுப் பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு 3 பாக்கெட், பாக்கெட்டுக்கு 6. ஆக மாதத்துக்கு 9 வருகிறது. நாளுக்கு நான்கு மாற்றும் பிள்ளைக்கு அது இரண்டேகால் நாளுக்குத்தான் காணும். பிள்ளைகள் கணக்குப் பார்த்துக்கொண்டு ஒன்றையே பள்ளி முடியும் வரை வைத்திருப்பார்கள், வீட்டில் சொல்லமாட்டார்கள். அதனால் மீதியை நீ வாங்கி, அவள் கேட்காமலேயே அலமாரியில் வைத்துவிடு. ஒன்றைப் புத்தகப் பையில் எப்போதும் போட்டுவை. கப், டாம்பான் எல்லாம் அந்த வயதில் உடம்புக்குக் கூடாதவை என்று எதுவுமில்லை. அவளே பின்னால் கேட்டால் அப்போது பார்க்கலாம். டாம்பான் பயன்படுத்தும் பிள்ளைகள் இருந்தால் ஒன்று மட்டும் சொல்கிறேன்: எட்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கவே கூடாது. 1980ல் அமெரிக்காவில் அதிகம் உறிஞ்சும் டாம்பான்களால் பாக்டீரியா நச்சு ரத்தத்தில் கலந்து இளம்பெண்கள் இறந்திருக்கிறார்கள். கப்பிலும் அந்த ஆபத்து மிக அரிதாக உண்டு. திடீர்க் காய்ச்சல், வாந்தி, தோல் சிவப்பு, தலைசுற்றல் வந்தால் உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

குடியாத்தம்_கலை:

எல்லோருக்கும் நன்றி. மெடிக்கல் அண்ணாவுக்கும்.

பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன், நீளம்தான் போட்டிருக்கிறது. இத்தனை வருடமாக இருக்கைக்கு மெத்தை போடுவது மாதிரி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த மாதம் பகலுக்கு நடுத்தர அளவு வாங்கி, இரண்டு டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் மாற்றினேன். வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால் டீ குடிக்கவில்லை. டீயை இன்னொருத்தி வாங்கி வைத்தாள். எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ராத்திரிக்குக் கைலித் துணியில் நானே தைத்துவிட்டேன். அம்மாவுக்கு ஒரே பெருமை, “நான் சொன்னப்ப கேட்டியா?” என்று.

கூடை விஷயமாக மூன்று பேர் சேர்ந்து போய்க் கேட்டோம். ‘பார்க்கலாம்’ என்றார்கள். வரும் திங்கட்கிழமை மறுபடி போவோம்.

நர்சம்மா, நீங்கள் கேட்ட கேள்விகளில் இரண்டுக்கு ‘ஆம்’ வந்தது. ராத்திரி எழுந்து மாற்றுகிறேன், கட்டியும் போகிறது. ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.9. காப்பர் டி அட்டை பீரோவில் பையன் ஜாதகத்தோடு இருந்தது, இன்னும் மூன்று வருடம் மீதி இருக்கிறது. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கப் வாங்கினால் எந்த அளவு வாங்குவது என்று மகள் கேட்கச் சொன்னாள். அவளுக்கு இல்லை, எனக்குத்தானாம்.

வேலூர்_நர்சம்மா:

ஸ்கேன் வரட்டும், கப் அதற்கப்புறம். கர்ப்பப்பையில் கட்டி இருந்து காப்பர் டியை எடுக்கச் சொன்னால், போக்கைக் குறைக்கும் ஹார்மோன் வகை ஒன்று அதே இடத்தில் வைப்பார்கள். அப்போது உனக்குப் பெரிய கப்பே தேவைப்படாமல் போகலாம். அளவு பொதுவாக, சுகப்பிரசவம் ஆனவர்களுக்குப் பெரியது என்பார்கள். ஆனால் கர்ப்பப்பை வாய் தாழ்வாக இருந்தால் நீளமான கப் குத்தும். பரிசோதனையின்போது அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்.

8.9க்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருப்பார்கள். டீயோடு போடாதே, ஒரு மணி நேரம் தள்ளிப் போடு, எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நன்றாக உடம்பில் சேரும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே. மூன்று மாதம் விடாமல் சாப்பிடு. ரிசல்ட் வந்ததும் இங்கேயே எழுது.